பட்டை கூட்டினால் பாரம் கூடுமா?

குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் தஞ்சை டெல்டாவில், களத்து நெல்லை ஒரே நடையில் கொள்முதல் நிலையம் சேர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதற்காகச் சிறிய சரக்கு வண்டியின் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போடுகிறார்கள். பின்பக்கம் தாழாமல் நிற்கும். ஆனால் அச்சு, பிரேக், டயர் தாங்கும் அளவு கூடாது. பாரம் இறக்கித் திரும்பும்போது வாய்க்கால் கரையில் தூக்கிப்போடும்.

ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்தால் 700 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் இருவருக்கு 140 கிலோ போக, 40 கிலோ சிப்பம் 14தான் ஏற்றலாம். பழைய பட்டை முறிந்திருந்தாலோ வளைவு இழந்திருந்தாலோ இரு பக்கமும் அதே அளவில் மாற்றுங்கள். சில நாள் ஓட்டியபின் யு-போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். இரண்டாவது நடைக்கான டீசல் செலவு, வாய்க்காலில் சாய்ந்த வண்டியைத் தூக்கும் செலவைவிடக் குறைவு.