உருளும் கம்பியில் ஒரு ஓட்டை

16 மில்லி பின்னில் 4 மில்லி ஓட்டை. கேட்பதற்கு அஞ்சு நிமிஷ வேலை மாதிரிதான் இருக்கும். வாசுதேவநல்லூரில், புளியங்குடி போகிற மெயின்ரோட்டை ஒட்டிய ஒரு லேத் பட்டறைக்கு லீவில் வேலை பழகப் போன பாலிடெக்னிக் மாணவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. டிராக்டர் கலப்பைக்கு நாலு பின் வேண்டும் என்று ஒரு விவசாயி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின் கழன்று விழாமல் இருக்க, நுனியில் குறுக்காக ஓட்டை போட்டு ஸ்பிளிட் பின் சொருக வேண்டும். அவ்வளவுதான்.

பின்னை வைஸில் வைத்து இறுக்கினான். கண் திட்டத்தில் நடுவைப் பார்த்து சென்டர் பஞ்ச் அடித்தான். பிட்டை இறக்கினான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நேரத்தில் சட்டென்று இரும்பைக் கவ்வியது. மேஜையோடு சேர்த்து போல்ட் போடாத வைஸ், விருட்டென்று சுற்றிவந்து அவன் கட்டைவிரலில் அடித்தது!

நல்லவேளை, நகம் கறுத்ததோடு போயிற்று. 4 மில்லி பிட்டுக்கு சாதாரண இரும்பில் நிமிஷத்துக்குச் சுமார் 2000 சுற்று வைப்பார்கள். அந்த வேகத்தில் சுற்றும் பிட் கவ்விவிட்டால் எவ்வளவு பெரிய கையானாலும் பிடித்து நிறுத்த முடியாது. துளை போடும்போது ஆபத்தான இடம் எது என்று கேட்டால் எல்லோரும் ஆரம்பத்தைச் சொல்வார்கள். உண்மையில் அது கடைசி ஒரு மில்லிதான்.

விரலைவிட அவனுக்கு அதிகம் வலித்தது பின்னைப் பார்த்தபோது. ஓட்டைக்கு ஒரு பக்கம் 7 மில்லி இரும்பு, மறுபக்கம் 5 மில்லி. இரண்டு பக்கமும் 6 இருந்திருக்க வேண்டும்.

"பிட்டு மேல கோவப்படாதலே, நீ பிடிச்சது சரியில்ல" என்றார் பட்டறை அண்ணாச்சி.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. தட்டையான இரண்டு தாடைகளுக்கு நடுவே உருண்டைக் கம்பியை வைத்தால், ஒவ்வொரு தாடையும் அதை ஒரே ஒரு கோட்டில்தான் தொடும். கீழே தாங்க எதுவும் இல்லை. பஞ்ச் மேல் விழும் சுத்தியல் அடியிலேயே கம்பி இம்மி உருண்டுவிடும். உச்சியில் இருந்த புள்ளி சரிவுக்குப் போய்விடும். பிட்டின் நுனியோ கூர்மையான ஊசி இல்லை. நடுவில் இருக்கும் சின்ன விளிம்பு இரும்பை வெட்டாமல் நசுக்கத்தான் செய்யும். சரிவில் வைத்தால் அது எந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அண்ணாச்சி அலமாரியில் இருந்து எடுத்தது வி-பிளாக். கனமான ஒரு இரும்புக் கட்டி, அதன் மேல் 90 டிகிரியில் வெட்டிய பள்ளம். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் இதன் அழகே வேறு... அந்தப் பள்ளத்தில் 6 மில்லி கம்பியை வைத்தாலும் 30 மில்லி கம்பியை வைத்தாலும், அதன் மையம் பள்ளத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலேதான் நிற்கும். உயரம் மாறும், நடு மாறாது. ஒருமுறை பிட்டைப் பள்ளத்தின் நடுவுக்கு நேராகக் கொண்டுவந்து பிளாக்கை மேஜையோடு இறுக்கிவிட்டால், அடுத்த ஐம்பது பின்னுக்கும் அளக்கவே வேண்டாம். நுனி முட்டி நிற்க ஒரு தடுப்பு வைத்தால் போதும்.

சரி, நேராக வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பின்னின் முதுகில் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து, மெஷினை ஓட்டாமல், சக்கில் மாட்டிய கூர்முனையை அதன் மேல் மெதுவாக இறக்க வேண்டும். ஸ்கேல் மட்டமாக நின்றால் நடு. ஒரு பக்கம் சாய்ந்தால், முனை அந்தப் பக்கம் விலகியிருக்கிறது. காசு போட்டு வாங்கும் கருவிகள் எத்தனையோ இருக்க, ஆறு அங்குல ஸ்கேல் இதைச் செய்துவிடுகிறது!

பிறகு குட்டையான, வளையாத சென்டர் டிரில்லால் ஒரு சின்னக் குழி. அதன் பிறகுதான் 4 மில்லி பிட்.

கம்பியின் நுனியில் நீளவாக்கில் துளை வேண்டுமானால் கதை வேறு. லேத்தின் மூன்று தாடை சக்கில் கம்பியையே சுற்றவிட்டு, டெயில்ஸ்டாக்கில் இருந்து பிட்டை நகர்த்துவது நல்லது. மெல்லிய வளையம் என்றால் சக் அதை நசுக்கிவிடும். பக்கவாட்டில் கீறிய ஒரு புஷ்ஷுக்குள் வைத்துப் பிடிப்பார்கள். நகை செய்யும் ஆசாரிகள் இதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. அரக்கைச் சூடாக்கி, பொருளை அதில் அழுத்தி, ஆறவிட்டு வேலை பார்ப்பார்கள். முடிந்ததும் மறுபடி சூடு. தாடையின் தழும்பே விழாது.

இந்த மெஷினில் அடிபட்டவன் அவன் மட்டுமில்லை. அமெரிக்காவின் ஆர்தர் ஜேக்கப்ஸ், ஸ்பேனரால் இறுக்கும் பழைய சக்கில் விரல் முட்டி அடிபட்ட பிறகுதான் புது வகை சக் ஒன்றை யோசித்து, 1902-ல் காப்புரிமை வாங்கினார். இன்று டிரில்லிங் மெஷினில் பல்சாவி போட்டு இறுக்குகிறார்களே, அந்த சக்தான்.

சாயங்காலம் விவசாயி வந்தபோது நாலு பின்னும் தயார். ஒவ்வொன்றிலும் ஸ்பிளிட் பின்னைச் சொருகிப் பார்த்தார். சரியாக இருந்தது. காலையில் வீணாய்ப் போன பின்னை அண்ணாச்சி தூக்கிப் போடவில்லை. வி-பிளாக் இருக்கும் அலமாரியிலேயே, அதன் பக்கத்தில் வைத்துவிட்டார்.