பிள்ளையின் புத்தகமே போதும்!

"பத்தாவதெல்லாம் ஒரு படிப்பா?" என்று அலுத்துக் கொள்ளும் சகோதரிகளே! டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அதுவே போதும். கேள்விகளும் பத்தாவது தரம்தான்.

எங்கள் விம்கோ நகரில் என் சின்ன நாத்தனாரின் கணவருக்கு ஆலை வேலை போயிற்று. மளிகைக் கடன் ஏறியது. முப்பத்திரண்டு வயசில் மகனின் பள்ளிப் புத்தகங்களைக் கையில் எடுத்தாள். விடியற்காலை நாலு மணிக்குப் படிப்பு.

200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே முதலில் தமிழை முடித்தாள். மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டே கேள்வி கேட்பேன். "இன்னும் பத்து கேளுங்க அண்ணி" என்பாள்.

இரண்டாம் முறை தேறி இளநிலை உதவியாளர் ஆனாள். கடன் அடைந்தது. இப்போது பதவி உயர்வுக்காகத் துறைத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

வயது வரம்பை மட்டும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் வீட்டிலேயே இருக்கிறதே!