மாலை வண்டியும் நூலக வாசலும்

எங்கள் ஜோலார்பேட்டைப் பங்கில் மகிழ்ச்சி தரும் மாறுதல் ஒன்று நிகழ்ந்து வருகிறது. இரயில்வே ஊழியர் வீட்டிலும், வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் உழைப்போர் வீட்டிலும் பிறந்த பெண்கள் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சிக்குச் செல்கின்றனர். என் இளைய மகளும் அவர்களுள் ஒருத்தி. காலை வண்டியில் புறப்பட்டு மாலை வண்டியில் திரும்புகிறாள்.

ஓர் இரவு அவள் கோத்தாரிக் கல்விக் குழுவைப் பற்றி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக் கையேடு ஒன்றில் அந்தக் குழுவின் பரிந்துரைகள் ஏழெட்டு வரிகளில் அடங்கியிருந்தன.

“அந்த அறிக்கையைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா அம்மா?” என்று கேட்டேன்.

“நூலகத்தில் இருக்கிறதாம் அப்பா. வகுப்பு முடிந்ததும் வண்டிக்கு ஓடிவந்துவிடுகிறோமே, எப்போது பார்ப்பது?” என்றாள்.

1964 முதல் 1966 வரை உழைத்து, ‘கல்வியும் நாட்டு வளர்ச்சியும்’ என்னும் பொருளில் அக்குழு அளித்த பேரறிக்கை அது. ஆசிரியரின் ஊதியம், தகுதி, பயிற்சி ஆகியவை பற்றி அதில் விரிவான ஆய்வு உண்டு. அதற்கு முன்பு, 1952-53இல் உயர்நிலைக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த நம் இலட்சுமணசாமி முதலியார். நாளை வகுப்பறையில் நிற்கப்போகும் பெண்ணுக்கு இவையெல்லாம் தேர்வுக்கான வரிகளாக மட்டும் வந்து சேர்வது போதுமா?

நூலகத்துக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் உள்ள உறவைச் சொல்ல நம் நாட்டிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். சில நாள்களிலேயே அந்தத் தனிமை அவருக்குப் பொறுக்கவில்லை. மாநிலக் கல்லூரிக்கு ஓடிச்சென்று, தம்மை மீண்டும் வகுப்புக்கே அனுப்புமாறு கெஞ்சினாராம்! இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்தபின்னும் மனம் மாறாவிடில் திரும்பி வரலாம் என்று அவரைத் தேற்றினர். இலண்டனில் அவர் கண்ட பொது நூலகங்களில் சிறுவர்க்கும் தொழிலாளர்க்கும் இடமிருந்தது. திரும்பி வந்தவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நூலகத்தை விட்டு நகரவில்லை. நூல்கள் பூட்டி வைக்கும் பொருள்கள் அல்ல என்னும் கருத்தே 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுக்குத் தொடக்கம். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டதற்கும் அவர் உழைப்பே அடிப்படை. நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். இரசீதைப் பார்த்தால் தெரியும்.

அவர் நினைவாக ஆகஸ்டு 12ஆம் நாள் நூலகர் நாள் கொண்டாடப்படுகிறது. நூலகர்களின் பாதுகாவலரான புனித லாரன்சின் திருநாள் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்டு 10 அன்று வருகிறது. இந்த நெருக்கத்தை நம் கல்லூரி நூலகர்கள் எவரேனும் கவனித்திருப்பார்களோ, அறியேன். அந்நாளையொட்டிக் கல்லூரிகளில் நூற்காட்சியும் நூலக அறிமுகக் கூட்டமும் நடக்கும். வண்டிக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அவையும் எட்டுவதில்லை.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. இருட்டிய பின் பெண்பிள்ளை தனியே நிலையத்தில் இறங்குவதை எந்தத் தாய் விரும்புவாள்? ஆகவே மூன்று குடும்பத்தார் கூடிப் பேசினோம். புதன்கிழமைதோறும் மூன்று பெண்களும் சேர்ந்து நூலகத்தில் தங்கி, அடுத்த வண்டியில் வருவது. தந்தையருள் ஒருவர் முறை வைத்து நிலையத்தில் காத்திருப்பது.

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வாரம் என் மகள் தோல் பதனிடுதல் பற்றிய ஒரு பழைய நூலைக் குறிப்பெடுத்து வந்தாள். பயிற்சி வகுப்பில் எட்டாம் வகுப்புக்குத் தாவரங்களின் பயன்களைக் கற்பிக்க வேண்டியிருந்தது. குரோம் முறை பரவுவதற்கு முன் நம் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டதையும், பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலை அழுகாமல் காப்பதையும் அவள் விளக்கினாள். அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு பையன் எழுந்து, “டீச்சர், எங்க தாத்தா அந்தப் பட்டைத் தொட்டியிலதான் வேலை பார்த்தாரு” என்றான். பிறகு அவன் சொல்ல, வகுப்பு கேட்டது. தன் வீட்டுத் தொழிலை வெளியில் சொல்லக் கூசும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பார் சிலர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் இலவசமாகவே உள்ளன. அதை நானும் பார்க்கிறேன். ஆனால், இன்னதைத் தேடு என்று அருகில் நின்று சொல்ல ஒரு நூலகர் வேண்டியிருக்கிறது. அந்தத் தோல் நூலை எடுத்துக் கொடுத்தவர் அங்குள்ள நூலகரே.

வரும் கல்வியாண்டில் எங்கள் பங்கிலிருந்து மேலும் இரு பெண்கள் பயிற்சியில் சேர்கின்றனர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர்கள் வீட்டாரிடம் பேசினோம். ஒரு தாய் இன்னும் தயங்குகிறார். மற்றொருவர், நிலையத்தில் காத்திருக்கும் முறையில் தம் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.