வடதுருவமும் பழைய பேப்பர்காரரும்

படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலை. வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. பரண்லயோ பீரோவுக்கு அடியிலயோ தாத்தா பாட்டி கையெழுத்துல ஏதாவது பழைய நோட்டு கிடக்குதான்னு கேளுங்க. இருந்தா, "யாரும் தூக்கிப் போட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

நான் கம்பம் பக்கத்துக்காரன். எங்க ஊர்ல குளிர்னா மார்கழி காலைல மப்ளர் கட்டுற குளிர்தான். அப்படிப்பட்டவன் போன செமஸ்டர் லீவு முழுக்க வடதுருவத்தைப் பற்றிப் படிச்சிட்டுக் கிடந்தேன். காரணம், ஒரு போட்டோ.

பனியில் சரிந்து கிடக்கும் ஒரு ராட்சச பலூன். பக்கத்தில் இரண்டு பேர் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தது 1897-ல். உலகம் அதைப் பார்த்தது 1930-ல். நடுவில் 33 வருஷம் அந்த ஃபிலிம் பனிக்குள் கிடந்தது.

கதை இதுதான். எங்க முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து ரெண்டே வருஷம் ஆன நேரம். சுவீடன் நாட்டு இன்ஜினியர் ஆந்த்ரே, ஹைட்ரஜன் பலூனில் பறந்து வடதுருவத்தைத் தாண்டலாம் என்று கிளம்பினார். கூட ரெண்டு பேர். 1897 ஜூலை 11-ம் தேதி ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து பலூன் ஏறியது. பலூனைத் திருப்புவதற்காக அவர் நம்பியிருந்தது கீழே இழுபட்டுக்கொண்டு வரும் கனமான கயிறுகளை. கிளம்பும்போதே அதில் பெரும்பகுதி கழன்று விழுந்துவிட்டது. ஸ்டியரிங் இல்லாத வண்டி! மூன்றாம் நாள் பனியில் இறங்கிவிட்டார்கள்.

அங்கிருந்து சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். காலுக்குக் கீழே இருந்தது தரை இல்லை, மிதக்கும் பனி. இவர்கள் ஒரு பக்கம் நடக்க, பனி வேறு பக்கம் நகர்ந்தது. அக்டோபரில் வெள்ளைத் தீவு என்ற இடத்தில் கரை ஏறினார்கள். அதோடு சரி. 1930-ல் ஒரு நார்வே கப்பல் தற்செயலாக அங்கே ஒதுங்கிய பிறகுதான் உடல்களும் டைரிகளும் ஃபிலிம்களும் கிடைத்தன. அந்த ஃபிலிமிலிருந்து 93 படங்களை மீட்டார்கள்.

எப்படிச் செத்தார்கள் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. கரடிக் கறியில் இருந்த புழு என்கிறார்கள், குளிர் என்கிறார்கள், இன்னும் என்னென்னவோ. அந்தப் பயணத்தில் மற்றதெல்லாம் ஏறக்குறைய தெரியும். கடைசி சில நாள்தான் தெரியாது. ஏன்னா, எழுதறது நின்னு போச்சு.

என்னை உலுக்கினது சாவு இல்லைங்க. அந்த நிலைமையிலும் வெப்பநிலை குறிச்சு, எங்கே நிற்கிறோம்னு கணக்குப் போட்டு, பாசி, கல்லுன்னு சாம்பிள் சேர்த்து வெச்சிருக்காங்க. ஏசி லேப்ல உட்கார்ந்துட்டு சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் போடுற நமக்கு இதெல்லாம் ரொம்ப ஓவரா தெரியலாம்.

இன்னொரு கதை. 1845-ல் பிரிட்டனின் ஃபிராங்க்ளின், வட அமெரிக்காவுக்கு மேலே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் பாதை தேடிப் போனார். ரெண்டு கப்பல், 129 பேர். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. வருஷக்கணக்கில் தேடியும், என்ன நடந்தது என்று அவர்களே எழுதிவைத்ததில் கிடைத்தது ஒரே ஒரு தாள்தான். 1859-ல் ஒரு கல் குவியலுக்குள் இருந்தது. அதில் 1847 மே மாதம் எழுதியது: எல்லாரும் நலம். அதே தாளின் ஓரத்தைச் சுற்றி 1848 ஏப்ரலில் நெருக்கி நெருக்கி எழுதியது: ஃபிராங்க்ளின் இறந்துவிட்டார், 24 பேர் போய்விட்டார்கள், மிச்சம் 105 பேர் கப்பலை விட்டுவிட்டு நடக்கப் போகிறோம். இத்தனைக்கும் அந்தத் தாளில் ஒரு வருஷக் கணக்கைத் தப்பாக வேறு எழுதியிருக்கிறார்கள்!

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள், பஞ்சத்தில் நடந்துபோன வெள்ளைக்காரர்களைப் பற்றியும், கப்பல் மூழ்கிய இடம் பற்றியும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காகிதத்தில் இல்லாததால் ரொம்ப நாள் அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கப்பல் 2014-லும் இன்னொன்று 2016-லும் கிடைத்தபோது, அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்பது தெரிந்தது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதைடா, நமக்கென்ன?" என்று ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆந்த்ரே கிளம்பிய அதே ஸ்வால்பார்ட்டில் நி-ஒலெசுண்ட் என்றொரு குட்டிக் கிராமம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். 1926-ல் அமுண்ட்சென் குழு அங்கிருந்துதான் வான்கப்பலில் துருவத்தைக் கடந்து அலாஸ்கா போனது. ரெண்டு வருஷம் கழித்து, விபத்தில் சிக்கிய வேறொரு குழுவைத் தேடி விமானத்தில் போன அமுண்ட்சென் திரும்பி வரவே இல்லை. விமானத்தின் மிதவை ஒன்று கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அந்தக் கிராமத்தில், 2008 ஜூலை 1-லிருந்து நம்ம இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. வடதுருவத்துக்கும் அதுக்கும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம். அங்கே இருக்கும் கருவிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று வைஃபை, ப்ளூடூத் எல்லாம் அணைத்துவிட வேண்டும். பனிக்கரடி வந்தால் யாரும் ஓடி ஒளியலாம் என்று கதவுகளைப் பூட்டுவதில்லை. நம்ம ஹாஸ்டல் வார்டன்கிட்ட சொன்னா நம்பமாட்டார்.

நம்ம பசங்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'இண்டார்க்' என்ற கருவித் தொகுதியை, 2014 ஜூலையில் அந்த ஊர்க் கடல்கழியில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இறக்கினார்கள். ஒரு கேபிளில் வெவ்வேறு ஆழத்தில் சென்சார்கள். நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் அதுபாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும், நாலு மாசம் சூரியனே தலைகாட்டாத குளிர்காலத்திலும். அப்புறம் கப்பலில் போய் மேலே எடுத்து டேட்டாவை இறக்குவார்கள். வடதுருவத்தில் நடக்கும் மாற்றம் நம்ம பருவமழையை எப்படித் தொடுகிறது என்று தெரிந்துகொள்வதும் இதன் நோக்கங்களில் ஒன்று.

பருவமழைன்னதும் எங்க வீட்டுக் கதைக்கு வந்துட்டோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல், பெரியாறு தண்ணியை நம்பித்தான். தென்மேற்குப் பருவமழை சரியா இருந்தா ஜூன் முதல் தேதி தண்ணி திறப்பாங்க. மழை தள்ளினா எல்லாம் தள்ளும். எங்க தாத்தாவுக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ். ஆனா உரக்கடையில வருஷா வருஷம் கொடுக்குற டைரியில தினமும் ராத்திரி ஒரு வரியாவது எழுதுவார். "ரெண்டு உழவு மழை. அணை 118 அடி. நாத்து விட்டது." திராட்சை கவாத்து பண்ண தேதி, காய்க்கு வந்த செவட்டை நோய், தண்ணி வராத நாள், எல்லாம் இருக்கும். 2014 நவம்பர்ல அணை 142 அடி தொட்டப்ப சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டிருந்தார். மொத்தம் 22 டைரி.

தாத்தா ஒரு கார்த்திகையில் தவறிட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கினப்போ, அப்பா வயலுக்குப் போயிருந்த நேரம், பழைய பேப்பர்காரர் வந்தார். என் பிளஸ் ஒன் கைடு, பேப்பர் கட்டு, அதோட அந்த 22 டைரியும். தராசுல எடுத்து வெச்சது நான்தான். கிலோ 12 ரூபாய். அந்தக் காசுல அன்னைக்கு சாயங்காலம் புரோட்டா சாப்பிட்டேன்.

அப்பா வந்து அலமாரியைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அப்பத்தாதான், "அவர் கையெழுத்துன்னு அது மட்டுந்தானேய்யா இருந்துச்சு" என்றது.

அதோட முழு அர்த்தம் எனக்குப் புரிஞ்சது மூணாம் வருஷம். மினி புராஜெக்ட்: மழை, மண் ஈரம் வெச்சு பாசனத்தைக் கணிக்கிற மாடல். ரிவ்யூல சார் கேட்டார், "உங்க ஊர் ஆள்தானே? தோட்டத்து அளவுல நீண்ட கால டேட்டா ஏதாவது கிடைக்குமா?" கிடைக்காது சார்னு சொல்லிட்டு, கம்ப்யூட்டர்லயே உருவாக்கின நம்பர்களைப் போட்டு கிராஃப் வரைஞ்சேன். கிராஃப் அழகா வந்துச்சு. மார்க்கும் வந்துச்சு. ராத்திரி தூக்கம்தான் வரலை.

இதுக்கு அப்புறம் வந்த லீவுலதான் அந்த பலூன் போட்டோவைப் பார்த்தேன். யாருன்னே தெரியாத மூணு பேரோட டைரியைப் பனி 33 வருஷம் பத்திரமா வெச்சிருந்துச்சு. எங்க தாத்தாவோடதை நான் ரெண்டு மாசம்கூட வெச்சிருக்கலை.

போனது போனதுதான். இப்போ என்ன பண்றேன்னா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பாவுக்கு போன் போட்டு, எந்த வருஷம் தண்ணி எப்போ வந்துச்சு, எந்த வருஷம் ரெண்டாம் போகம் போச்சுன்னு கேட்டு எழுதிக்கிறேன். அவருக்குப் பாதி ஞாபகம் இருக்கு. அப்பத்தாவுக்கு அதைவிட அதிகம் ஞாபகம் இருக்கு, ஆனா எல்லாம் "நீ பிறந்த வருஷம்", "உங்க அத்தை கல்யாணத்துக்கு முந்தின வருஷம்"னுதான் வரும். நான் உட்கார்ந்து வருஷமா மாத்திக்கிறேன். தோட்டத்துல ஒரு மழைமானியும் வெச்சாச்சு. தினமும் அப்பாதான் பார்த்துச் சொல்லணும். முதல் வாரம் ரெண்டு நாள் மறந்துட்டார். "சும்மா ஒரு நம்பர் போட்டுக்கடா, யாரு பார்க்கப் போறா" என்றார்.

போடலைங்க. அந்த ரெண்டு கட்டத்தையும் காலியாவே விட்டிருக்கேன்.

சரி, வீட்டுக்கு போன் போட்டீங்களா?