துருவின் சாட்சி

கியோத்தோ நகரத்துத் தோஜி ஆலய வளாகத்தில், கோபோ தாய்ஷி என்னும் மகானின் நினைவாக மாதந்தோறும் 21ஆம் தேதி கூடுகிற சந்தையில், பழைய கிமோனோக்களுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்த ஒரு குறுங்கத்தியை, அதில் ‘மசமுனே’ என்று பெயர் வெட்டியிருந்த ஒரே காரணத்துக்காக, அவ்வூரிலேயே குடியிருக்கும் என் நண்பர் வாங்கிவிட்டார். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் காமகுராவில் வாழ்ந்த கொல்லர் மசமுனே. வாள் என்றதும் ஜப்பானில் பாமரரும் உச்சரிக்கும் நாமம் அது.

அந்தப் பெயர் இருந்தது, பிடிக்குள் செருகப்படுகிற வால் பகுதியில். அது கறுத்துக் கிடந்ததைப் பார்த்தவுடன், புளி போட்டுத் தேய்த்தால் எழுத்துப் பளிச்சென்று தெரியுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. பித்தளைச் செம்பைத் துலக்கிப் பழகிய கைக்கு வேறென்ன தோன்றும்? விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் முதலில் காட்டிவிடுவோம் என்று நண்பர் தடுத்தது தெய்வாதீனம்.

பெரியவர் பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். இடக்கையில் பிடியை நிமிர்த்தி, வலது முஷ்டியால் இடக்கை மணிக்கட்டில் மெல்லத்தான் குத்தினார். ஒரு ஷாக்கு, அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்கும் குறைந்த ‘தாந்தோ’ கனமற்றதாகையால், நீண்ட வாளுக்குக் குத்துவதுபோல் குத்தினால் துள்ளி விழுந்து கையைப் பதம் பார்த்துவிடுமாம். அலகு வெளிவந்ததும், பெயரைப் பாராமலே வாலைத் துணியால் சுற்றி மூடிவிட்டார். ஜப்பானிய வாள் ரசிகர்கள் கூடுமிடங்களில் பரீட்சையே அப்படித்தான்: வாலை மறைத்துவிட்டு, அலகை மட்டும் பார்த்துக் காலத்தையும் கொல்லரையும் எழுதித் தரவேண்டும்.

விளக்கொளியில் அலகை அவர் சாய்த்துப் பிடித்தபோது, விளிம்பை ஒட்டி ஒரு வெண்ணிறக் கோடு மூடுபனிபோல் பரவி, அதனுள் நுண்மணல் தூவினாற்போன்ற பொறிகள் மினுங்கின. முதுகில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி, நீரில் தோய்ப்பதால் பிறப்பது இந்த ‘ஹாமோன்’; அமிலத்தால் வரைந்த போலிக்கோடோ சுண்ணாம்பு தீட்டியதுபோல் உயிரின்றி நிற்கும். பலமுறை சாணை பிடிக்கப்பட்டதால் அலகு தேய்ந்து மெலிந்திருப்பதையும், அலகும் வாலும் சேருமிடத்துப் பள்ளம் ஏறக்குறைய மறைந்துவிட்டதையும் காட்டி, “வயது உண்டு” என்றார்.

பிறகே துணியை அவிழ்த்தார். கொல்லர்கள் வாலை மெருகிடுவதில்லை. அதில் படியும் துரு, காலப்போக்கில் செம்மை மாறி, கருமையும் ஒருவித எண்ணெய்ப் பளபளப்பும் கொண்டு உறைகிறது. அவசரத்தில் வரவழைத்த துரு செங்கல் நிறத்தில் உதிரும். இக்கத்தியின் துருவோ மெய்யானது. ஆனால் உளி வெட்டிய எழுத்தின் பள்ளங்களுக்குள் மட்டும் நிறம் வெளிறியிருந்தது, வெட்டின் ஓரங்களும் தேயாமல் கூராகவே நின்றன. மேலும், மசமுனேயின் கையொப்பத்தோடு எஞ்சியுள்ள கத்திகள் மிகமிகச் சில. 1719இல், ஜப்பானை அன்று ஆண்ட ஷோகுன் யோஷிமுனேயின் ஆணைப்படி, பரம்பரையாக வாள் மதிப்பிட்டுவந்த ஹொனாமி குடும்பத்தார் தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியலிலும் மசமுனேயுடையவை எனக் கொள்ளப்பட்டவற்றில் பெரும்பாலானவை பெயரற்றவையே. ஆகவே அந்தப் பெயர் இருப்பதே சந்தேகத்துக்கு முதற்காரணம்.

எவரோ ஒரு பெயரறியாத கொல்லர் நேர்மையாக அடித்த இரும்பின்மேல், பிற்காலத்தில் எவரோ பேராசையால் பொய்யை வெட்டியிருக்கிறார். இரும்பு பொய் சொல்லவில்லை; எழுத்துத்தான் சொன்னது. அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுத்த சாட்சியை, நான் புளியால் அழிக்கவிருந்தேன்!

போலிகளில் இது ஒரு வகை மட்டுமே. 1876இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடுக்கப்பட்டு, பிழைப்பிழந்த கொல்லர் பலர் சமையற்கத்தியும் அரிவாளும் அடிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, எலும்பில் சித்திரம் செதுக்கிய உறைகளோடு, அயல்நாட்டாருக்கென்றே செய்யப்பட்ட அலங்காரக் கத்திகளும் ஏராளம் உலவுகின்றன. அவற்றில் உறைதான் சிரத்தையோடு செய்யப்பட்டிருக்கும். அலகை உருவிப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழைய ஜப்பானியக் கத்தி ஒன்று உங்கள் கைக்கு வருமானால், அலகை முதலிலும், துருவை அடுத்தும், பெயரைக் கடைசியிலும் பாருங்கள். வாலை மட்டும் எக்காரணத்தைக்கொண்டும் தேய்த்துவிடாதீர்கள்.