முதற் காட்சியிலேயே தீர்ப்பு

சாகசப் படங்களில் விசாரணை பின்னால்தான் நடைபெறுகிறது. தீர்ப்போ முதற் பத்து நிமிடங்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தை நம் இல்லத்துப் பிள்ளைகளோடு அண்மையில் மீண்டும் கண்டோம்.

1936ஆம் ஆண்டு, தென்னமெரிக்கக் காடு. தொப்பியணிந்த ஒருவன் முதுகு காட்டி நடக்கிறான். உடன் வந்தவன் பின்னின்று கைத்துப்பாக்கியை உருவுகிறான். சாட்டை சொடுக்கும் ஒலி, துப்பாக்கி பறக்கிறது. அதன் பிறகே அந்த முகம் நிழலினின்று வெளிச்சத்துக்கு வருகிறது. நாயகன் இவனே என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பின்னர் குகை, பொறிகள், பொற்சிலை, உருண்டுவரும் பெரும்பாறை. உயிர் தப்பி வெளியே வந்தவனிடமிருந்து பெல்லாக் என்னும் பிரெஞ்சுக்காரன் சிலையைப் பறித்துக்கொள்கிறான். நாயகன் தோற்றோடுகிறான், தப்பியேறிய விமானத்தில் பாம்பைக் கண்டு அலறவும் செய்கிறான். அந்தத் தோல்வியும் அச்சமுமே நம்மை அவன் பக்கம் இழுத்துவிடுகின்றன. கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஒப்புக்கொள்கிறோம்.

"அந்தச் சிலை யாருடையது, நன்னா?" என்று வினவினாள் நம் பேத்தி.

அக்காட்டு மக்களின் கோயிலுக்குரியது அது. முதலில் எடுத்தவன் நாயகன். அவனிடமிருந்து எடுத்தவன் வில்லன். உரிமையாளர்களோ அம்பெய்யும் கூட்டம். அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை. இந்தப் பார்வைக்குக் கண் பழகிவிட்டதால், பின்னர் கெய்ரோ கடைத்தெருவில் வாள் சுழற்றும் கறுப்பங்கி மனிதனை நாயகன் சலிப்போடு சுட்டு வீழ்த்தும்போது சிரிப்புத்தான் எழுகிறது. நம் பிள்ளைகளும் சிரித்தார்கள். சல்லாஹ் என்னும் நல்ல எகிப்தியர் ஒருவரும் படத்தில் உண்டு என்பதை மறைக்கலாகாது. அவராக நடித்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர்!

அதே 1981இல்தான், அலெப்போவில் பிறந்த முஸ்தபா அக்காதின் 'லயன் ஆஃப் த டெஸர்ட்' அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது. ரோமாபுரியின் பரந்த மண்டபத்தில் முசோலினி, லிபியாவை அடக்கத் தளபதி கிராசியானியைத் தேர்ந்தெடுக்கிறான். பிறகு, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு முதியவர் சிறுவர்களுக்கு குர்ஆன் ஓதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சூரா ரஹ்மானில் வரும் துலாக்கோலின் பொருளை அவர்களுக்கு விளக்குகிறார். அவர்தாம் உமர் முக்தார். அக்காதும் நம் மனத்தை முன்கூட்டியே வளைக்கத்தான் செய்கிறார், ஐயமில்லை. எனினும், இங்கே வில்லனுக்கும் பெயருண்டு, நோக்கமுண்டு, பேச இடமுண்டு. நாயகனின் கையிலோ முதலில் ஆயுதமில்லை. 1931 செப்டம்பர் 16இல் அம்முதியவர் தூக்கிலிடப்படும் காட்சியில், கீழே விழுந்த அந்தக் கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துக்கொள்ளும்போது, முதற்காட்சியின் பாடம் யாருக்கு நடந்தது என்பது விளங்குகிறது.

தன் படையின் மாண்புக்கு இழுக்கு என்று கூறி 1982இல் இத்தாலிய அரசு இப்படத்தைத் தடுத்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது 2009ஆம் ஆண்டில்தான்.