நுரை நிற்குமா?

தொழிற்பேட்டை வந்த 1964-லிருந்தே அம்பத்தூரில் எதைச் செய்யவும் ஆள் கிடைக்கும். இப்போது வீட்டிலேயே சோப்பும் செய்கிறார்கள். 'எல்லாமே இயற்கை சார், இதுலயே ஷேவும் பண்ணலாம்' என்று யாராவது நீட்டினால் கொஞ்சம் பொறுங்கள். குளியல் சோப்பு பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில் ஆவது. கட்டியாக இருக்கும், நுரை பாதிக் கன்னத்திலேயே அடங்கிவிடும். நல்ல ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடும் ஸ்டியரிக் அமிலமும் சேரும். முன்னது சோப்பை இளக்கிச் சீக்கிரம் கரைய வைக்கும். பின்னது நுரையைத் தயிர் மாதிரி நிறுத்தும். வெறும் தேங்காய் எண்ணெய் என்றால் நுரை பொங்கும், தோல் வறளும். ஆகவே, என்னென்ன சேர்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் லைசென்ஸ். சோப்பு செய்து விற்க, 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில அரசின் உரிமம் வேண்டும். அந்த எண் லேபிளில் இருக்க வேண்டும். சமையலறையில் சோப்பு காய்ச்சும் பெண்மணிக்கு இது பெரிய மலைதான். பாவம் என்று அவரிடம் ஊறுகாய் வாங்குங்கள், வடகம் வாங்குங்கள். பிளேடு ஓடும் கன்னத்தில் பாவம் பார்க்க முடியாது. 'உரிமம் எடுங்கம்மா, முதல் டப்பா எனக்கு' என்று சொல்லிவிட்டு வாருங்கள். எடுத்த பிறகு சொன்னபடி வாங்குங்கள். அதுதான் உதவி.